கறிவேப்பிலையை ஒதுக்காதீங்க!



"காரியம் முடிஞ்சதும் கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்க" என்று குழுக் கூட்டத்தில் எத்தனை முறை வருத்தப்பட்டிருக்கிறோம்! அந்தக் கறிவேப்பிலையைத் தினமும் தட்டு ஓரத்தில் ஒதுக்குவதும் நாம்தானே? அதில் சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து, கண்ணுக்குத் தேவையான வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து எல்லாம் இருக்கின்றன.

பாட்டி வைத்தியம்

* பசி எடுக்கவில்லையா? நிழலில் உலர்த்திய இலையோடு சுக்கு, மிளகு, சீரகம், உப்பு சேர்த்துப் பொடித்து, சூடான சோற்றில் முதல் கவளமாகச் சாப்பிடுவார்கள்.
* வயிறு மந்தமாக இருந்தால் இலையை அரைத்து மோரில் கலந்து குடிப்பார்கள்.
* முடி வளரத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பார்கள். ரத்தக்குறைவாலும் முடி கொட்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு சம்பவம்

ஒரு குழுவில் 6 மாதக் கர்ப்பிணி உறுப்பினர் ஒருவர் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிட்டார். "குமட்டுதுக்கா, வெளிக்குப் போனா கருப்பா போகுது. அதான் கறிவேப்பிலைத் துவையல் சாப்பிடுறேனே" என்றார். பரிசோதித்தால் ரத்தம் 8 கிராம்தான்! கர்ப்பிணிக்குக் குறைந்தது 11 கிராம் இருக்க வேண்டும். ரத்தம் குறைந்தால் பிரசவத்தில் தாய், பிள்ளை இருவருக்குமே ஆபத்து.

கறிவேப்பிலை நல்ல உணவு. ஆனால் மாத்திரைக்கு ஈடாகாது. மலம் கருப்பாகப் போவது மாத்திரையால்தான், பயப்படத் தேவையில்லை. குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். சர்க்கரை நோய்க்கு இலை மெல்லுகிறவர்களும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

நாம் செய்ய வேண்டியவை

1. இலையைத் துவையலாக, பொடியாகச் செய்தால் யாரும் ஒதுக்க முடியாது.
2. கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டதும் டீ, காபி குடித்தால் சரியாகச் சேராது. 1 மணி நேரமாவது விட்டுக் குடியுங்கள்.
3. கடையில் வாங்கும் இலையில் மருந்து தெளித்திருக்கலாம். நன்றாக அலசுங்கள். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடத்தில் ஒரு கன்று நட்டால் வீட்டுக்குப் போதும்.
4. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவர்கள் நாம். நம் பங்கை முதலிலேயே எடுத்து வைப்போம்.

கூட்டத்தில் பேசுங்கள்

நம் குழுவில் எத்தனை பேருக்குத் தன் ரத்த அளவு தெரியும்? தெரியாதவர்கள் எந்த நாளில் போய்ப் பரிசோதிக்கப் போகிறோம்? முடிவு செய்து தீர்மான நோட்டில் எழுதுங்கள்.