செக் லைட் எரியும்போது: பட்டறைக்குப் புதிதாக வரும் தம்பிக்கு

அம்பாசிடர் கார்புரேட்டரில் தொழில் பழகியவன் நான். அப்போது இன்ஜினின் குறையைக் காதால் கேட்டுக் கண்டுபிடித்தோம். இப்போது வண்டியே எண்ணாக எழுதிக் காட்டுகிறது. அந்த எண்ணைத் தப்பாகப் படித்து வண்டிக்காரர்களின் பணத்தைக் கரைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

1. ஸ்கேனரைக் கையில் எடுக்கும் முன் வண்டிக்காரரிடம் பேசு. லைட் எப்போது எரிந்தது? காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, மேடு ஏறும்போதா, பெட்ரோல் போட்ட பிறகா? கடைசியாக பானட்டைத் திறந்தது யார்? போன வாரம் ஏர் ஃபில்டர் மாற்றினேன் என்று அவர் சொன்னால், முதலில் இன்டேக் ஹோஸின் கிளாம்ப்பைப் பார்.

2. எண்ணை எழுத்துக் கூட்டிப் படி. முதல் எழுத்து வண்டியின் பகுதியைச் சொல்லும்: பவர்ட்ரெய்னுக்கு ஒரு பி, பாடிக்கு ஒரு பி, சேஸிஸுக்கு சி, கம்ப்யூட்டர்களுக்கு இடையேயான பேச்சுக்கு யு. இரண்டு பி-யும் போனில் ஒரே மாதிரிக் கேட்கும். திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல். அடுத்து 0 வந்தால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 வந்தால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு. அதற்கு அவர்களுடைய மேனுவல்தான் கதி. இந்தப் பொது மொழியும் 16 பின் சாக்கெட்டும் அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமாகி, பிறகு நம் ஊர் வண்டிகளுக்கும் வந்தவை.

3. எரர் கோடு எந்த பார்ட்டின் பெயரும் அல்ல. நான் சொல்வதில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதே. பி0171 என்று வந்தால், கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சியிருப்பதை ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சொல்கிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டிப் பார்த்து, ஓர் அளவுக்கு மேல் முடியாமல்தான் லைட்டைப் போடுகிறது. உண்மையைச் சொன்ன சென்சாரையே கழற்றி எறிகிறோம். நானும் எறிந்திருக்கிறேன். ஒரு டாக்ஸி ஓட்டுநரின் வண்டிக்குப் புது சென்சார் போட்டு அனுப்பினேன். மூன்றாம் நாள் அதே லைட்டோடு வந்து நின்றார். இன்டேக் மேனிஃபோல்டுக்குப் பின்னால், விரல் நுழையாத இடத்தில், ஒரு வேக்கம் ஹோஸ் வெடித்திருந்தது. சென்சார் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் இழந்த சவாரிகளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அன்று நான் பார்த்திருக்க வேண்டியது ஃபியூயல் ட்ரிம். கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. உள்ளே வரும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள இன்ஜினில், ஐடிலில் ட்ரிம் உயர்ந்திருந்து, 2500 ஆர்பிஎம்முக்கு ரேஸ் கொடுத்ததும் இறங்கினால் காற்றுக் கசிவைத் தேடு. ஓட்டை வழியே நுழையும் காற்று ஐடிலில் பெரிய பங்கு; ரேஸ் கொடுத்தால் மொத்தக் காற்றில் அது கரைந்துவிடும். லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர் பக்கம் போ.

4. லைவ் டேட்டாவில் கூலன்ட் வெப்பம் மைனஸ் 40 என்று காட்டும், பி0118 பதிவாகியிருக்கும். மதுரை வெயிலில் மைனஸ் 40 எங்கிருந்து வரும்? சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். கப்ளரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பார். அளவு ஒரேயடியாக உச்சத்துக்குப் போனால் வயரிங்கும் கம்ப்யூட்டரும் நலம். குறை சென்சாரிலோ கப்ளர் முனையிலோ இருக்கிறது. அசையாவிட்டால் வயரைத் தடவிக்கொண்டே போ. எலி கடித்த இடம் கையில் அகப்படலாம். இந்தச் சோதனை இரண்டு வயர் உள்ள வெப்பச் சென்சாருக்கு மட்டும். மூன்று வயர் சென்சாரில் செய்தால் 5 வோல்ட் சப்ளையையே ஷார்ட் ஆக்கிவிடுவாய்.

5. மிஸ்ஸிங் அடித்தால் பி0301, பி0302 என்று கடைசி எண் சிலிண்டரைக் காட்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள வண்டியில் பி0302 வந்தால், இரண்டாம் காயிலை மூன்றில் மாற்றிப் போட்டு ஓட்டு. கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான். மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வரிசையாகப் பார்.

லைட் நின்று எரியாமல் மின்னி மின்னி எரிந்தால் வண்டியை ஓரம் கட்டச் சொல். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதை உருக்கிவிடும்.

6. ஒரே நேரத்தில் ஏழெட்டு கோடுகள் வந்தால் பயப்படாதே. பேட்டரி வோல்டேஜ், எர்த், ஃபியூஸ். முதலில் இந்த மூன்று.

7. எரேஸ் பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதே. கோடு பதிவான நொடியில் இன்ஜின் வேகம், வெப்பம், லோடு எல்லாம் என்னவாக இருந்தன என்பதை ஃப்ரீஸ் ஃபிரேம் என்று கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருக்கும். நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே அழி. பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் பல வண்டிகளில் அது போய்விடும்.

8. பி0420 வந்ததும் கன்வெர்ட்டர் போச்சு என்று வாய்விடாதே. விலையைக் கேட்டு வண்டியை விற்கப் போனவர்கள் உண்டு. எக்ஸாஸ்ட்டில் கசிவு இருக்கிறதா, பழைய மிஸ்ஸிங் சரி செய்யப்படாமல் கிடக்கிறதா, இன்ஜின் ஆயில் குடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசு. கன்வெர்ட்டர் உண்மையிலேயே போயிருந்தாலும், கெடுத்த காரணத்தைச் சரி செய்யாமல் புதிது போட்டால் அதுவும் போகும்.

9. வேலை முடிந்ததும் வண்டியை நீயே ஓட்டு. பல குறைகளைக் கம்ப்யூட்டர் இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து பார்த்த பிறகே லைட்டைப் போடும். அதுவரை பெண்டிங் என்ற பகுதியில் வைத்திருக்கும். சாவி கொடுக்கும் முன் அந்தப் பகுதியையும் திறந்து பார். பில்லில் எந்தக் கோடு வந்தது, எதை அளந்தாய், என்ன அளவு வந்தது என்று எழுதிக் கொடு. நாளைக்கு அந்த வண்டி நெடுஞ்சாலையில் நின்று வேறொரு பட்டறைக்குப் போனால், அங்கிருக்கும் மெக்கானிக் உன் பில்லைப் பார்த்து அடுத்த சோதனையிலிருந்து தொடங்கலாம்.