கட்டை மாறினால் பண் மாறாது: பாட்டுத்தாளும் கணினியும்

வெள்ளிக்கிழமை பஜனையில் ஒன்றைக் கவனிச்சிருப்பீங்க. ஹார்மோனியம் வாசிக்கிற அக்கா 5 கட்டையில் ஆரம்பிச்சா பெண்கள் பக்கம் கணீர்னு கேட்கும். மேல் ஸ்தாயி வந்ததும் ஆண்கள் பக்கம் சத்தமே இருக்காது. 1 கட்டையில் ஆரம்பிச்சா அப்படியே தலைகீழ். பயிற்சி போதாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை, மீதி கணக்கு.

நான் ஸ்கூடாயில் பொறியியல் படிக்கிறேன். எங்கள் இளைஞர் குழுவின் பாட்டுத்தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. ஜொகூரில் எந்த ஊர்க் குழுவாக இருந்தாலும் இதே வேலை ஒருநாள் உங்களிடமும் வரும். அதனால் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கட்டை. ஹார்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்கு 12 சுரக்கட்டைகள். வெள்ளைக் கட்டைகள் 1, 2, 3, 4, 5, 6, 7. கறுப்புக் கட்டைகள் 1½, 2½, 4½, 5½, 6½. கிட்டார் பசங்க மொழியில் 1 கட்டை என்பது சி, 2 என்பது டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. இதில் 3½ கட்டை இல்லை என்பதை நல்லா மனசுல வெச்சுக்கணும். 2-லிருந்து 3-க்குப் போக இரண்டு அரைச்சுரம் ஏறணும், 3-லிருந்து 4-க்கு ஒன்றே ஒன்று. ஆகவே ‘ஒரு கட்டை ஏத்து’ என்று யாராவது சொன்னால், எங்கிருந்து என்று திருப்பிக் கேளுங்கள். கட்டை எண்களை நேரடியாகக் கழித்து நிரல் எழுதினால் பாதி பாட்டு தப்பாக வரும்.

சரியான வழி 0 முதல் 11 வரை புது எண் கொடுப்பது. 1 கட்டைக்கு 0, 1½-க்கு 1, 2-க்கு 2, 2½-க்கு 3, 3-க்கு 4, 4-க்கு 5, 4½-க்கு 6, 5-க்கு 7, 5½-க்கு 8, 6-க்கு 9, 6½-க்கு 10, 7-க்கு 11. ஒரு பாட்டு 5 கட்டையில் இருக்கு, 2 கட்டைக்கு இறக்கணும் என்றால் 7-லிருந்து 2-க்கு, அதாவது 5 கழிக்கணும். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் 12 கூட்டுங்க. தாளில் ஜி, ஈ மைனர், சி, டி என்று கோர்ட்ஸ் இருந்தால் (நீதிமன்றம் இல்ல, பயப்படாதீங்க) அவை டி, பி மைனர், ஜி, ஏ ஆகும். மென்பொருள் செய்வது இவ்வளவுதான். மைனர், செவந்த் போன்ற வால்களை அது தொடுவதில்லை, தலையெழுத்தை மட்டும் நகர்த்தும்.

கணினி சொல்லித் தராத ஒன்றும் உண்டு. எந்தக் கட்டைக்கு நகர்த்துவது? பாட்டின் மிக உயர்ந்த சுரத்தையும் மிகத் தாழ்ந்த சுரத்தையும் முதலில் கண்டுபிடிங்க. கூட்டத்தில் பெரும்பாலோர் அந்த இரண்டையும் தொடுகிற இடம்தான் உங்கள் கட்டை. இன்னொன்று, கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை யாராவது முன்பே அழுத்தி வைத்திருந்தால், மாற்றிய தாளோடு சேர்ந்து இரட்டை மாற்றமாகிவிடும். பஜனை தொடங்குவதற்கு முன் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கோப்பு வடிவம். நம்மில் பலர் கோர்ட்டை ஒரு வரியிலும் பாடல் வரியை அதற்குக் கீழேயும் எழுதி, இடைவெளி தட்டித் தட்டி நேர்படுத்துகிறோம். எழுத்துருவை மாற்றினால் எல்லாம் நகர்ந்துவிடும். தமிழில் ‘ர’ ஒல்லி, ‘ணௌ’ குண்டு, அகலம் எப்படி ஒத்துப்போகும்? இதற்கு நல்ல தீர்வு கோர்ட்ப்ரோ வடிவம். 1992-இல் மார்ட்டின் லெக்லெர்க், மாரியோ டோரியன் இருவரும் எழுதிய ‘கோர்ட்’ என்ற நிரலிலிருந்து வந்தது. கோர்ட்டைச் சதுர அடைப்புக்குள், அது விழும் அசைக்கு முன்னால், பாடல் வரிக்குள்ளேயே எழுத வேண்டும். எழுத்துரு மாறினாலும் கோர்ட் தன் அசையை விட்டுப் போகாது. இப்போது யோஹான் ஃப்ரோமன்ஸ் பராமரிக்கும் இலவச மென்பொருளில் டிரான்ஸ்போஸ் என்ற இடத்தில் −5 கொடுத்தால் முழுத் தாளும் மாறிவிடும்.

தமிழில் இங்கே ஒரு சிக்கல் வரும். கணினிக்கு ‘கோவில்’ என்பது மூன்று எழுத்து இல்லை, ஆறு குறியீடு: க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி. பழைய இரண்டு வரித் தாளைக் கோர்ட்ப்ரோவுக்கு மாற்றும் நிரல் குறியீடுகளை எண்ணினால், அடைப்பு ககரத்துக்கும் அதன் ஓகாரத்துக்கும் நடுவில் போய் உட்காரும். திரையில் புள்ளி வட்டம் தெரியும். எழுத்து எழுத்தாகப் பிரிக்க ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் இருக்கு, அதையே பயன்படுத்துங்கள். நமக்கு உயிர்மெய் ஒரே எழுத்து என்று தமிழ்ப்பள்ளியில் சொல்லித் தந்தது நிரல் எழுதும்போதுதான் எனக்கு முழுசாப் புரிஞ்சது.

இதைவிடப் பெரிய தலைவலி பழைய எழுத்துருக் கோப்புகள். கணினித் தமிழில் நம் நாட்டுக்குப் பெருமையான இடம் உண்டு. முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1985-இலேயே தொடங்கியவர். ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு வழி. பாமினியில் தட்டிய ‘தமிழ்’ என்ற சொல்லை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கோயில் அலமாரியில் இருக்கும் பழைய சிடியைத் திறந்து ‘கோப்பு கெட்டுப்போச்சு’ என்று தூக்கிப் போடாதீங்க. கெடவில்லை, மாற்றினால் போதும்.

மாற்றும்போது வரிசையைப் பாருங்கள். பாமினியில் ‘கொ’ என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். யூனிகோடில் ஒலி வரிசை: முதலில் க, பிறகு ஒகரக் குறி. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது, கொம்பை நகர்த்தவும் வேண்டும். இன்னும் நுணுக்கமானது ஔகாரம். பாமினியில் அதன் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. மாற்றி ‘கௌரி’யை ‘கெளரி’ ஆக்கிவிடும். அச்சில் கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது. எனவே திருமுறைப் பாடல்களைப் பழைய தாளிலிருந்து மாற்றியதோடு நிறுத்தாமல், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பதிப்போடும் அச்சு நூலோடும் ஒப்பிடுங்கள். நினைவிலிருந்து தட்டச்சு செய்யவே கூடாது. நகலின் நகலில் ஒற்று உதிர்ந்த தாள்கள் நம்மிடம் ஏற்கெனவே நிறைய இருக்கு.

தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு ரோமன் எழுத்து வரியும் வேணும், அதை மறுக்க முடியாது. தேசியப் பள்ளிக்குப் போன தம்பி வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதைவிட அது மேல். யூனிகோடில் இருந்தால் நிரலே எழுதிக் கொடுக்கும். ஆனால் வலி, வளி, வழி மூன்றும் ஒரே மாதிரி ஆகிவிடக் கூடாது. ஐஎஸ்ஓ 15919 முறை மூன்றையும் வேறுபடுத்தும். அது சகரத்துக்கு ஆங்கிலச் ‘சி’ எழுத்தைப் போடுகிறது. மலாய் படித்த பிள்ளை ‘பச்சை’யைச் சரியாகவே படிக்கும், ஆனால் சிவன் ‘ச்சிவன்’ ஆகிவிடுவார்! நாங்கள் சொல்லின் முதலில் வரும் சகரத்துக்கு மட்டும் ‘எஸ்’ போடும் விதியைச் சேர்த்தோம். தமிழ் வரி மேலே பெரிதாக, ரோமன் வரி கீழே சிறியதாக.

கடைசியாக, எங்கள் குழுவில் அதிகம் வாக்குவாதம் நடந்த விஷயம்: தேவாரத்துக்குக் கிட்டார் கோர்ட் போடலாமா? கட்டையை மாற்றினால் பண் மாறாது. எல்லாச் சுரமும் ஒரே அளவு நகர்வதால் இடைவெளிகள் அப்படியே இருக்கும். கோர்ட் சேர்ப்பது வேறு விஷயம். சீர்காழியில் சம்பந்தர் பாடிய முதல் பதிகத்தின் பண் நட்டபாடை. இன்று நாட்டை அல்லது கம்பீர நாட்டையில் பாடுகிறார்கள். கம்பீர நாட்டையில் ச, க, ம, ப, நி ஐந்துதான். 1 கட்டையில் வைத்துப் பாருங்கள். சி கோர்ட் என்பது ச, க, ப, சரி. ஈ மைனர் என்பது க, ப, நி, அதுவும் சரி. சினிமாப் பாட்டுப் பழக்கத்தில் கை தானாகப் போகும் எஃப் கோர்ட்டில் தைவதம் வந்துவிடும், ஜி கோர்ட்டில் ரிஷபம் வந்துவிடும். இரண்டும் அந்த ராகத்தில் இல்லாதவை. ஓதுவார் ஐயா முகம் சுளிக்கிறார் என்றால் கிட்டார் மேல் அவருக்குக் கோபம் இல்லை, அந்த அந்நியச் சுரம் அவர் காதில் குத்துகிறது.

அதனால் நாங்கள் இப்படி வைத்துக்கொண்டோம். பஜனைப் பாட்டுகளுக்குக் கோர்ட் உண்டு. திருமுறைத் தாளில் கோர்ட் வரியே கிடையாது. கோர்ட்ப்ரோவில் கூடுதல் குறிப்பு எழுத இடம் இருக்கு. அங்கே பண், தலம், பாடியவர், எங்கள் குழுவுக்கு ஒத்துவந்த கட்டை நான்கையும் எழுதுகிறோம். கிட்டார் தம்பி ச, ப இரண்டை மட்டும் தம்புரா மாதிரி மீட்டிக்கொண்டே இருப்பான். மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவுக்குப் பழகும் சின்னப் பிள்ளைகளுக்கும் அதே தாள்தான், அவர்களுக்குக் கட்டை எண் மட்டும் வேறு.