தனக்கு வந்தால் தெரியும், அடுத்தவருக்கு வந்தால்?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள், இப்போது சிகிச்சையில் இருப்பவர்களுக்குத் துணையாக வருவதைப் பற்றி நாம் நினைப்பதெல்லாம் இந்தப் பழமொழிக்குள் அடங்கிவிடும். பழமொழியோ பாதிதான் சரி.

நம்பிக்கை: மீண்டு வந்தவர் என்ற தகுதி ஒன்றே போதும்.

போதாது. மார்பகப் புற்றுநோய் என்று ஒரே பெயர் சொன்னாலும், ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 புரதம், நோயின் நிலை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், மருந்தும் மாறும். "எனக்கு மூணாவது கீமோவிலேயே கட்டி கரைஞ்சிடுச்சும்மா" என்று ஒருவர் நல்ல மனதோடு சொல்லிவிட்டுப் போவார். ஐந்தாவது கீமோவிலும் கரையாத பெண்ணுக்கு அன்றிரவு தூக்கம் போய்விடும். அதனால்தான் முறையாக நடக்கும் திட்டங்கள் பலவற்றில், சிகிச்சை முடிந்து ஓராண்டாவது ஆனவர்களையே சேர்த்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்தப் பயிற்சியில் முக்கியமான பகுதி எதைப் பேசக் கூடாது என்பதுதான். மருந்தைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது, டாக்டரை எடை போடக் கூடாது, முள்சீத்தா இலைக் கஷாயத்தைப் பரிந்துரைக்கவே கூடாது.

யாருக்கு யாரை அனுப்புவது என்பதும் இருக்கிறது. அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்டுக்கு 1978-ல் ஒரு மார்பகத்தை அகற்றினார்கள். ஆறுதல் சொல்ல வந்த தன்னார்வலர் கொண்டுவந்தது, ஆட்டுக்குட்டி ரோமம் அடைத்த, மார்பக வடிவிலான வெளிர் இளஞ்சிவப்புத் திண்டு. லார்ட் கறுப்பினப் பெண். பெண்ணையே வாழ்க்கைத் துணையாகக் கொண்டவர். வந்தவரின் பேச்சோ, முன்பு போலவே தோற்றம் இருக்கும் என்பதையே சுற்றி வந்தது. வந்தவர் அன்பானவர்தான். ஆனால் லார்டின் மனதில் இருந்த கேள்வி எதற்கும் அவரிடம் பதில் இல்லை. இதை 1980-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் லார்ட் பதிவு செய்திருக்கிறார்.

நம்பிக்கை: தைரியம் சொல்வதுதான் அவர்கள் வேலை.

லார்டைப் பார்க்க ஆள் அனுப்பிய ரீச் டு ரெக்கவரி திட்டம் தைரியம் சொல்லத் தொடங்கியதல்ல. 1952-ல் நியூயார்க்கில் டெரீஸ் லாஸர் என்பவருக்கு மார்பகத்தோடு மார்புத் தசையையும் சேர்த்து எடுத்தார்கள். அன்றைய வழக்கம் அது. கையை எப்போது தூக்கலாம், உள்ளே என்ன வைத்து உடுத்துவது, கணவரோடு பழையபடி இருக்கலாமா? இவற்றுக்கு டாக்டர்களிடம் பதில் கிடைக்கவில்லை. தானே கண்டுபிடித்ததை, தற்காலிகத் திண்டோடும் கைப்பயிற்சிக்கான பந்து, கயிற்றோடும் மற்றப் பெண்களின் படுக்கைக்கே கொண்டுபோனார்; அதுவே இந்தத் திட்டம் ஆனது. கேட்காமல் வார்டுக்குள் வருகிறாரே என்று அறுவை சிகிச்சை நிபுணர்கள் சிலர் எரிச்சலடைந்தார்கள். 1969-ல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் இந்தத் திட்டத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

"தைரியமா இரு" என்று ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரும் எந்த உறவினரும் சொல்லிவிடலாம். முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை எவ்வளவு சௌகரியம், வாய்ப்புண்ணோடு எதை விழுங்க முடியும், வயிற்றில் மலம் சேரும் பை மாட்டிக்கொண்டு எப்படி பஸ்ஸில் போவது என்பதெல்லாம் அனுபவப்பட்டவருக்குத்தான் தெரியும். குரல்வளையை எடுத்துவிட்ட ஒருவருக்கு, அதே அறுவை சிகிச்சை ஆன இன்னொருவர் எதிரே வந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேசிக்காட்டுவதை விடப் பெரிய விளக்கம் கிடையாது.

நம்பிக்கை: புற்றுநோய் வந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தால் நோய் ஒட்டிக்கொள்ளும்.

ஒட்டாது. ஒட்டுவது சளியும் காய்ச்சலும்தான். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவரைப் பார்க்க மூக்கை உறிஞ்சிக்கொண்டு போகாதீர்கள்.

நம்பிக்கை: ஆதரவு கிடைத்தால் ஆயுள் கூடும்.

இந்த நம்பிக்கைக்கு ஆய்வு ஒன்று அடித்தளமாக இருந்தது. ஸ்டான்ஃபோர்டின் டேவிட் ஸ்பீகல் 1989-ல் வெளியிட்டது அது. நோய் பரவிய நிலையில் இருந்த 86 பெண்களில், சிகிச்சையாளர் நடத்திய குழுவில் வாரந்தோறும் கூடிப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதம் வாழ்ந்தார்கள், மற்றவர்கள் 18.9 மாதம். உலகமே நிமிர்ந்து பார்த்தது. 2001-ல் கனடாவில் 235 பெண்களிடம் அதே மாதிரிக் குழுவைச் சோதித்தபோது ஆயுளில் வித்தியாசமே இல்லை. மனவேதனையும் வலியும் மட்டும் குறைந்தன. என்னைக் கேட்டால் அந்த "மட்டும்" சின்ன விஷயமில்லை. ஆனால் ஆயுள் கூடும் என்று வாக்குக் கொடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நோய் முற்றினால், "நான்தான் மனசைத் தளரவிட்டுட்டேன்" என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொள்வாள்.

நம்பிக்கை: ஆதரவு நோயாளிக்குத்தான், கூட இருப்பவர் சமாளித்துக்கொள்வார்.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரும் கடும் ரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டு நீளும். அதில் பல நாட்கள் அம்மா வார்டு நாற்காலியில்தான். ஊரில் இன்னொரு பிள்ளை இருக்கும், அப்பாவின் வேலை ஊசலாடும். மும்பையில் வந்தனா குப்தா தான் நோயிலிருந்து மீண்ட பிறகு 1994-ல் தொடங்கிய வீ கேர் அறக்கட்டளை, குடும்பத்தாரையும் சேர்த்தே கவனிக்கிறது. வார்டில் காத்திருக்கும் அம்மாவுக்கு, குணமான குழந்தையை விட, அந்தக் குழந்தையோடு இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்னொரு அம்மாதான் அதிகம் உதவுவார். தங்க இடம் எங்கே, உதவித்தொகைப் படிவம் யாரிடம், ராத்திரி ஜுரம் ஏறினால் யாரை எழுப்புவது என்று அவர் வரிசையாகச் சொல்வார்.

உங்கள் மருத்துவமனையில் மருத்துவச் சமூகப் பணியாளர் இருந்தால், மீண்டவர் ஒருவரை அனுப்ப முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். இதே நோய், இதே சிகிச்சை, ஏறக்குறைய இதே வயது என்று சொல்லிக் கேட்பதில் தவறில்லை. வந்தவர் மாத்திரைச் சீட்டைக் கையில் வாங்கி, "இது எதுக்கு?" என்று ஆரம்பித்தால், வேறு ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள்.