பெண் ஹார்மோனும் ஆண் காடையும்

கேள்வி: ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கான ஹார்மோன்தானே? ஆண் விலங்குக்கும் அது வேண்டும் என்கிறார்களே, உண்மையா? (காடை வளர்க்கும் வாசகர், பாலாறு)

பதில்: உண்மைதான். பொலிகுதிரையின் சிறுநீரில் அது ஏராளமாக இருப்பதை 1934இலேயே பெர்ன்ஹார்ட் சோண்டெக் கண்டறிந்துவிட்டார்.

அதைவிட நல்ல சாட்சி உங்கள் கூண்டிலேயே இருக்கிறது. ஜப்பானியக் காடை ஆய்வுக்கூடங்களின் செல்லப்பிள்ளை. ஆண் காடையின் வாலடியில் அமுக்கினால் வெள்ளையாக நுரை வருமே, அது டெஸ்டோஸ்டிரோன் வேலை. பெட்டை மீதான நாட்டம் வேறு கணக்கு. மூளையில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. நாட்டத்தைக் கிளப்புவது பெரும்பாலும் அதுதான்.

பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்தில் ழாக் பல்தசார் குழு செய்த சோதனை சுவையானது. சின்ன ஜன்னல் வழியே பெட்டையைக் காட்டி, பிறகு சேரவிடுவார்கள். அதன்பின் ஆண் காடை ஜன்னலை விட்டு நகராது. எங்கே நின்றால் பலன் என்று கற்றுக்கொண்டுவிட்டது! அரோமடேஸைத் தடுக்கும் மருந்து கொடுத்தாலோ அந்தக் காத்திருப்பு படுத்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டால் கால் மணி நேரத்துக்குள்ளேயே நடத்தையில் மாற்றம் தெரிவதும் உண்டு.

பறவைக்கடையில் விற்கும் வரிக்குருவி ஃபின்ச் இன்னொரு உதாரணம். இன்னொரு குருவியின் பாட்டைக் கேட்கும்போதே ஆண் குருவியின் செவிப்புல மூளைப்பகுதியில் ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது என்று 2008இல் அளந்து காட்டினார்கள்.

அதற்காகத் தீவனத்தில் ஹார்மோன் மாத்திரை கலந்துவிடாதீர்கள். மூளை தனக்கு வேண்டியதை வேண்டிய இடத்தில் தானே தயாரித்துக்கொள்கிறது.