வளையம் எறியும் தொலைவு

தொழில்முனைவு கற்பிக்கத்தக்கதா? அது பரம்பரைக் குணம் எனக் கருதுவோர் பலர். இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியொன்று 1964ஆம் ஆண்டு ஆந்திர மாநிலத்துக் காக்கிநாடா நகரத்தாரைக் கொண்டு தொடங்கப்பட்டது. அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் மெக்லெலண்டின் கருத்துகளையொட்டி, அந்நகரத் தொழில் செய்வோருக்கு ஐதராபாத்தில் பயிற்சி அளிக்கப்பட்டது.

இத்தகைய பயிற்சியில் ஒரு விளையாட்டு உண்டு. நட்ட கோலில் வளையத்தை எறிந்து மாட்ட வேண்டும். எவ்வளவு தொலைவில் நிற்பது என்பதை எறிபவரே முடிவு செய்யலாம். மிக அருகில் நிற்பவர் தோல்விக்கு அஞ்சுகிறார். மிகத் தொலைவில் நிற்பவர் நற்பேற்றை நம்புகிறார். தம் திறனை அளந்து இடைத்தொலைவில் நின்று, தவறினால் திருத்திக்கொள்பவரே தொழில்முனைவுக்கு உரியவர். பின்னர் ஆராய்ந்தபோது, பயிற்சி பெற்றோர் பெறாதோரைவிட மிகுதியாகப் புதுத்தொழில் தொடங்கியிருந்தனர்.

இவ்வளவறிதலை அன்றாட வாழ்விலும் காணலாம். சென்னையை அடுத்த ஐயப்பன்தாங்கலில், பேருந்துப் பணிமனையருகே விடியலில் இட்லி விற்பவர் எவ்வளவு மாவு அரைப்பது என்பதை நாள்தோறும் கணக்கிடுகிறார். குறைந்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குச் செல்வர். மிகுந்தால் முதல் வீணாகும். மழைநாளின் இழப்பு மறுநாள் கணக்கைத் திருத்துகிறது.

மேலாண்மைக் கல்லூரி மாணவர் திட்ட அறிக்கை எழுதக் கற்கிறார். ஆனால் அறிக்கையில் நேரும் பிழையால் அவர் கைப்பணம் கரைவதில்லை. எனவே, சிறுமுதலில் ஒரு பொருளை விற்று, இலாப நட்டத்தைத் தாமே ஏற்று, அடுத்த முறை தொலைவைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பினை அவருக்கு வழங்குவதே தொழில்முனைவுக் கல்வியாகும்.