கையால் ஓடும், பேக்கரில் நிற்கும்

கேள்வி: உபுண்டு இமேஜை பேக்கர் மூலம் தயாரிக்கும்போது, கையால் ஓட்டினால் ஓடும் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடுகிறதே, ஏன்?
— வாசகர், விவேக் நகர், பெங்களூரு

பதில்: ஸ்கிரிப்ட் நிற்கும்போது விட்டுச்செல்லும் எண்ணே முதல் துப்பு. 126 என்றால் பெரும்பாலும் இயக்க அனுமதி இல்லை. 127 என்றால் கட்டளையே கிடைக்கவில்லை. ஆப்ட்-கெட் தரும் 100தான் அதிகம் ஏமாற்றும். மெஷின் முதன்முறை எழும்போது கிளவுட்-இனிட் பின்னணியில் பேக்கேஜ் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். அப்போது ஆப்ட்டின் பூட்டு அதன் கையில்; ஆப்ட்-கெட் உள்ளே போக முடியாமல் 100 தந்து நிற்கும். கையால் ஓட்டுபவர் உள்ளே நுழைவதற்குள் அந்தப் புதுப்பிப்பு முடிந்திருக்கும். பேக்கருக்கோ அந்தப் பொறுமை கிடையாது. 'கிளவுட்-இனிட் ஸ்டேட்டஸ் --வெயிட்' என்ற கட்டளையை ஸ்கிரிப்டின் தலையில் வைத்தால் பெரும்பாலும் தீரும்.

'செட் -இ' இல்லாத ஸ்கிரிப்ட் இன்னும் மோசம்: நடுவில் விழுந்தாலும் கடைசிக் கட்டளை தேறினால் இமேஜ் வெற்றி என்றே பதிவாகும்.

பிழை நேர்ந்தால் பேக்கர் வழக்கமாக மெஷினை அழித்துவிடும். '-ஆன்-எரர்=ஆஸ்க்' கொடுத்தால் கேட்டுவிட்டுக் காத்திருக்கும்; அதற்குள் உள்ளே போய் லாக்கைப் பார்த்துவிடலாம்.