நேர்முகத் தேர்வில் மிரட்டினால்...

எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றாலே ஆனேக்கல், சந்தாபுரா, அத்திப்பள்ளிப் பக்கம் குடியேறிய நம் குடும்பங்களில் தனி மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வேலைக்காக நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த பிள்ளைகள் சிலர், இரண்டு நாள் யாரோடும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். "தெரிந்த கணக்கே மறந்துபோயிற்று" என்பார்கள். "ஒழுங்காகப் படித்திருந்தால் மறக்குமா?" என்று வீட்டில் ஏச்சு விழும். இந்த ஏச்சு நியாயமில்லை என்று சொல்லத்தான் இக்கட்டுரை.

சில கம்பெனிகளில் தேர்வாளர் வேண்டுமென்றே கடுகடுப்பாக நடந்துகொள்வதுண்டு. பதிலை முடிக்கவிடாமல் குறுக்கிடுவார், "இதுகூடத் தெரியாதா?" என்பார், நாம் பேசும்போது கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். 'ஸ்ட்ரெஸ் இண்டர்வியூ' என்று இதற்குப் பெயரே உண்டு. நெருக்கடியில் ஒருவர் எப்படி நிற்கிறார் என்று சோதிக்கிறார்களாம்.

அமெரிக்காவில் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாப்டும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைக் கேளுங்கள். 48 மாணவர்களுக்கு புரோகிராம் கணக்கு கொடுத்தார்கள். பாதிப்பேர் தேர்வாளர் பார்த்திருக்க, பலகையில் எழுதிக்கொண்டே விளக்கவேண்டும். மீதிப்பேருக்குத் தனி அறை. பிறர் பார்க்க எழுதியவர்களின் திறன் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது! அங்கே யாரும் அதட்டவில்லை. சும்மா பார்த்ததற்கே இந்த நிலை. பார்வைக்கு முன் எழுதிய பெண்கள் அனைவரும் தோற்றார்கள்; தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் தேறினார்கள். எண்ணிக்கை சிறியது, இதையே முடிவாகக் கொள்ள முடியாது. ஆனாலும் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி. கணக்குப் போடவேண்டிய மனம், "இவர் என்ன நினைப்பாரோ" என்பதில் பாதி போய்விடுகிறது.

கூகுளின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து கொள்ளும் என்பது போன்ற புதிர்க் கேள்விகள் வீண்வேலை என்று 2013-லேயே சொல்லிவிட்டார். கேட்பவருக்குத் தாம் புத்திசாலி என்ற நினைப்பு வருவதுதான் மிச்சம் என்பது அவர் கருத்து.

பார்வைதான் தடை என்றால், பார்வைக்கு முன்னாலேயே பழகவேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு நூறு கணக்குப் போடுவதைவிட, அம்மாவையோ பாட்டியையோ எதிரே உட்காரவைத்துப் பத்துக் கணக்கை வாய்விட்டு விளக்குவது மேல். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியவேண்டாம்; முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். முதலில் தமிழில் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்தில்.

தேர்வில் கேள்வியை ஒருமுறை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். "ஒரு நிமிடம் யோசிக்கிறேன்" என்று கேட்பது தவறே இல்லை. குறுக்கிட்டால், "இதுவரை வந்தது இவ்வளவு, அடுத்தது இது" என்று விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடலாம்.

சாதி, கல்யாணம், அப்பாவின் சம்பளம் என்று பேச்சு திரும்பினால் அது சோதனை அல்ல. "வேலை சம்பந்தமாகக் கேளுங்கள் சார்" என்று மரியாதையாகவே சொல்லலாம். டெபாசிட் கட்டு, வேலை நிச்சயம் என்றால் மட்டும் மரியாதைக்குக்கூட உட்கார்ந்திருக்கவேண்டாம். எழுந்து பஸ் ஏறிவிடுங்கள்.